எங்கே பிரசவம் பார்ப்பது? மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வீடு திரும்பும் வரை முழுமையான வழிகாட்டி

பிரசவத்துக்கு மருத்துவமனை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் காலை பத்து, பதினொரு மணிவாக்கில் போகிறார்கள். அந்த நேரத்தில் எல்லா மருத்துவமனையும் நன்றாகத்தான் இருக்கும். பெரிய டாக்டர் அறையில் இருப்பார், லேப் திறந்திருக்கும், வரவேற்பில் பொறுமையாகப் பதில் சொல்ல ஆள் இருக்கும். பிள்ளைகளோ நேரம் பார்த்துப் பிறப்பதில்லை. என்னைக் கேட்டால், ஓர் இடத்தைப் பற்றி முதலில் விசாரிக்க வேண்டியது ஒன்றுதான்: விடுமுறை நாள், ராத்திரி இரண்டு மணி, வலியோடு நான் வந்து நிற்கிறேன். அப்போது உள்ளே யார் யார் இருப்பார்கள்? அறை வசதி, தனிக் குளியலறை, சுவரின் நிறம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

படி 1: உங்கள் கர்ப்பம் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் இடம் தேடுவது வீண் வேலை. உங்களைப் பார்க்கும் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: "என்னுடையது சாதாரணக் கர்ப்பமா, கூடுதல் கவனம் தேவைப்படுவதா?"

ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் போவது, சர்க்கரை, கடுமையான ரத்தசோகை, இரட்டைக் குழந்தைகள், குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பது, முன்பு சிசேரியன் ஆனது, போன பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, இதய நோய் அல்லது வலிப்பு நோய் இருப்பது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் எல்லா வசதியும் ஒரே கட்டடத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனைதான் சரி. நஞ்சு (பிளசென்டா) கர்ப்பவாயை மூடிக்கொண்டு கீழே இருந்தால் இதில் யோசிக்கவே இடமில்லை. அதிலும் முன்பு சிசேரியன் ஆகியிருந்தால், நஞ்சு பழைய தழும்பில் ஆழமாகப் பதிந்துவிடும் ஆபத்து கூடும். அப்படிப்பட்ட பிரசவத்துக்கு ரத்தமும் அனுபவமுள்ள அறுவைக் குழுவும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இது ஒருமுறை கேட்டுவிட்டு மறந்துவிடும் கேள்வி அல்ல. ஐந்தாம் மாதம் சாதாரணமாக இருந்த கர்ப்பம் எட்டாம் மாதத்தில் மாறலாம். அதனால் 20-லிருந்து 28 வாரத்துக்குள் இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, 36-ஆம் வாரத்தில் மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. 37 வாரத்துக்கு முன்னால் பிறந்தால் குறைமாதம். அப்படி ஆகும் வாய்ப்பு இருப்பதாக டாக்டர் சொன்னால், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்கு முன்கூட்டியே மாறிவிடுங்கள். பிறந்த குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே அம்மாவோடு சேர்த்துக் கொண்டுபோவது குழந்தைக்குப் பாதுகாப்பு.

படி 2: எந்த மாதிரி இடம்?

பெரிய மருத்துவமனை, சிறிய தனியார் மருத்துவமனை, மருத்துவச்சிகள் நடத்தும் பிரசவ மையம், வீடு என்று நாட்டுக்கு நாடு வாய்ப்புகள் மாறும். ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள், வாதங்களும் சூடாகவே நடக்கும்.

இங்கிலாந்தில் சுமார் 64,000 சிக்கலில்லாத பிரசவங்களை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2011-இல் வெளியானது. ஏற்கெனவே பிள்ளை பெற்ற, சிக்கலில்லாத பெண்களுக்கு வீடு, மருத்துவச்சி மையம், மருத்துவமனை எதுவானாலும் குழந்தையின் பாதுகாப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. தலைப்பிரசவத்தை வீட்டில் திட்டமிட்டவர்களிடம் மட்டும் குழந்தைக்குத் தீங்கு ஏற்படுவது அதிகமாக இருந்தது: மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3. அது மட்டுமல்ல, வீட்டில் திட்டமிட்ட தலைப்பிரசவங்களில் 45 சதவீதம் பேர் கடைசியில் மருத்துவமனைக்குத்தான் மாற்றப்பட்டார்கள். இத்தனைக்கும் அது பயிற்சி பெற்ற மருத்துவச்சி பக்கத்திலேயே இருக்க, அவசரத்துக்கு மாற்றுவதற்கு ஏற்பாடும் இருக்கும் அமைப்பு. அப்படி எதுவும் இல்லாத இடத்தில், வீடியோ பார்த்துவிட்டு வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புவதற்கு இந்த ஆய்வைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. மாறாக, மருத்துவமனையோடு இணைந்த மருத்துவச்சி மையம் கிடைக்கும் இடமாக இருந்தால், சிக்கலில்லாத கர்ப்பத்துக்கு அது நல்ல தேர்வு. அங்கே தேவையில்லாத தலையீடுகள் குறைவு என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

படி 3: நேரில் போய்க் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். முடிந்தால் சாயங்காலத்துக்கு மேல் போங்கள். பிரசவ வார்டு நர்ஸிடம் இரண்டு நிமிடம் பேசக் கிடைத்தாலும் போதும். கைப்பேசியில் படித்த நூறு மதிப்புரைகள் அதற்கு ஈடாகாது.

முதலில் அவசரத்தைப் பற்றி. ராத்திரியில் மகப்பேறு டாக்டர் உள்ளேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா? மயக்க மருந்து டாக்டர்? குழந்தை டாக்டர்? சிசேரியன் தேவை என்று முடிவெடுத்தால் எவ்வளவு நேரத்தில் தொடங்குவீர்கள்? உடனடி ஆபத்து உள்ள நிலையில் 30 நிமிடம் என்பது பல நாடுகளில் புழங்கும் அளவுகோல். "அதெல்லாம் பார்த்துக்கலாம், நீங்க ஏன் பயப்படுறீங்க" என்பது பதில் அல்ல. "மயக்க மருந்து டாக்டர் பத்து நிமிட தூரத்தில் இருக்கிறார், கூப்பிட்டதும் வருவார்" என்பது பதில்.

அடுத்தது ரத்தம். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை லிட்டர் ரத்தம் பாய்கிறது. பிள்ளை பிறந்த பிறகு கர்ப்பப்பை சுருங்காமல் போனால் எவ்வளவு வேகமாக நிலைமை கைமீறும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். உலகெங்கும் பிரசவத்தில் தாய்மார்கள் உயிரிழக்க முதன்மைக் காரணங்களில் ஒன்று இந்த ரத்தப்போக்குதான். ரத்தம் உள்ளேயே சேமித்து வைத்திருக்கிறார்களா, வெளியிலிருந்து வர வேண்டுமா, வெளியிலிருந்து என்றால் ராத்திரியில் எவ்வளவு நேரம் ஆகும்? இதைக் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம். உங்கள் ரத்த வகை அரிதானது என்றால் இன்னும் முன்னதாகவே கேளுங்கள்.

மூன்றாவது சிசேரியன் கணக்கு. வெறும் சதவீதத்தைக் கேட்டால் ஏமாந்துபோவீர்கள். சிக்கலான கர்ப்பங்கள் வந்து சேரும் பெரிய மருத்துவமனையில் அந்த எண் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். அதனால் இப்படிக் கேளுங்கள்: "தலைப்பிரசவம், ஒரே குழந்தை, தலை கீழே, நிறைமாதம், வலி தானாக வந்தது. இப்படி வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இங்கே சிசேரியன் ஆகிறது?" மருத்துவமனைகளை ஒப்பிட உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ராப்சன் வகைப்பாட்டில் முதல் பிரிவே இதுதான். எண் கையில் இல்லை என்றாலும், கேள்வியைக் கேட்டதும் டாக்டர் எரிச்சல்படுகிறாரா, உட்கார்ந்து விளக்குகிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

பிறகு, எல்லாம் நல்லபடியாக நடக்கும்போது எப்படி நடத்துவார்கள் என்பது. கூட ஒருவர் பிரசவ அறைக்குள் இருக்கலாமா? பெரிய வசதி எதுவும் தேவைப்படாத, ஆனால் பலன் நிரூபிக்கப்பட்ட விஷயம் இது. தொடர்ந்து ஒருவர் பக்கத்தில் இருந்தால் சுகப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது, வலி நேரம் சற்றுக் குறைகிறது, மோசமான அனுபவமாக இருந்தது என்று சொல்பவர்களும் குறைகிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைக்கிறது. இடவசதி இல்லாததால் அனுமதிக்க முடியவில்லை என்றால் புரிந்துகொள்ளலாம். "எங்கள் வழக்கம் அப்படி" என்றால் இன்னொரு இடத்தையும் பார்த்து வையுங்கள்.

வலியின்போது எழுந்து நடக்க விடுவார்களா, தண்ணீர் குடிக்கலாமா, எல்லாருக்கும் கீழே வெட்டித் தையல் போடுவது வழக்கமா, எனிமாவும் சவரமும் கட்டாயமா, எபிட்யூரல் (முதுகு வழியாகக் கொடுக்கும் வலி நிவாரணி) ராத்திரியிலும் கிடைக்குமா, குழந்தை அம்மாவோடேயே இருக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். வழக்கமாக எல்லாருக்கும் வெட்டுவது, சவரம், எனிமா ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. சிக்கலில்லாத பிரசவத்தில் நடப்பதையும் தண்ணீர், உணவு எடுப்பதையும் தடுக்க வேண்டியதில்லை என்றும் அது சொல்கிறது.

இரண்டாவது பிரசவம், முதலாவது சிசேரியன் என்றால் ஒரு கேள்வி கூடுதல்: சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்ய இங்கே ஒத்துக்கொள்வீர்களா? தகுந்தவர்களாகத் தேர்ந்தெடுத்து முயன்றால் நூற்றுக்கு அறுபதிலிருந்து எண்பது பேருக்கு அது கைகூடும். பழைய தழும்பு கிழியும் ஆபத்து சுமார் 200-இல் 1. அந்த ஒன்றுக்காகத்தான் அறுவை அரங்கு எந்நேரமும் தயாராக இருக்கும் இடம் வேண்டும் என்கிறார்கள்.

படி 4: பைக்கு முன்னால் காகிதங்கள்

பை கட்டுவதில் காட்டும் ஆர்வத்தில் பாதியைக் காகிதத்தில் காட்டினால் போதும். ரத்த வகை, ஸ்கேன் அறிக்கைகள், பரிசோதனை முடிவுகள், ஒவ்வாமை, எடுத்துக்கொள்ளும் மருந்துகள் எல்லாம் ஒரே கோப்பில். மேலே ஒரு பக்கத்தில் சுருக்கம். ராத்திரி டியூட்டி டாக்டர் உங்களை முதல்முறை பார்ப்பவராக இருக்கலாம்; அவர் முப்பது பக்கம் புரட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

உங்கள் விருப்பங்களையும் அரைப் பக்கத்தில் எழுதுங்கள். யார் கூட இருப்பார்கள், வலி நிவாரணம் பற்றி என்ன நினைக்கிறீர்கள், குழந்தையை உடனே மார்பில் போட வேண்டும் என்பது போன்றவை. மூன்று பக்கத்துக்கு எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். இதை உத்தரவு மாதிரி எழுதாமல், 36-ஆம் வாரத்தில் டாக்டரோடு உட்கார்ந்து பேசி எழுதினால்தான் அதற்கு உயிர் இருக்கும்.

வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு, நெரிசல் நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ராத்திரியில் எந்த வாசல் திறந்திருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: எப்போது கிளம்புவது?

குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். ஆகவே தேதி தாண்டிவிட்டதே என்று மட்டும் பதற வேண்டாம். எத்தனை நாள் காத்திருக்கலாம் என்பதை டாக்டரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பொய் வலி வந்து வந்து போகும், நடந்தாலோ படுத்தாலோ குறையும். உண்மையான வலிக்கு ஒரு ஒழுங்கு வந்துவிடும், இடைவெளி குறையும், வலு கூடும். தலைப்பிரசவத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம் என்பது பரவலாகச் சொல்லும் கணக்கு. தூரம் அதிகமாக இருந்தாலோ இரண்டாவது பிரசவமாக இருந்தாலோ அவ்வளவு நேரம் காத்திருக்காதீர்கள்.

சில விஷயங்களுக்கு எந்தக் கணக்கும் கிடையாது, உடனே கிளம்ப வேண்டும்: குழந்தையின் அசைவு குறைந்தது, ரத்தம் வந்தது, பனிக்குடம் உடைந்தது (நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் இன்னும் அவசரம்), கடுமையான தலைவலியோடு பார்வை மங்கியது, விலாவுக்குக் கீழே விடாத வலி, காய்ச்சல், வலிப்பு, 37 வாரத்துக்கு முன்பே வலி. "காலையில் போய்க்கொள்ளலாம்" என்று வீட்டில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். போய்ப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பி வருவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

படி 6: பிரசவ அறைக்குள்

கர்ப்பவாய் இரண்டு சென்டிமீட்டர், மூன்று சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதன் பிறகு மணிக்கணக்கில் எதுவும் நடக்காதது போல் இருக்கும். இங்கேதான் பலருக்கு மனம் உடைகிறது. கர்ப்பவாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தாக வேண்டும் என்ற பழைய கணக்கை உலக சுகாதார நிறுவனம் 2018-இல் கைவிட்டது. வலி தீவிரமாகும் கட்டம் 5 சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது என்றும், அதிலிருந்து முழுதாகத் திறக்க தலைப்பிரசவத்தில் 12 மணி நேரம் வரை, அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரம் வரை போகலாம் என்றும் அது வகுத்தது. தாயும் சேயும் நலமாக இருக்கும்போது, மெதுவாகப் போகிறது என்ற ஒரே காரணத்துக்காக அவசரப்படத் தேவையில்லை. 5 சென்டிமீட்டருக்கு முன்பே அனுமதித்து, கையோடு டிரிப்ஸில் வலியைத் தூண்டும் மருந்து ஏற்றத் தொடங்கினால், "இப்போது ஏன் தேவைப்படுகிறது?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வயிற்றில் இரண்டு பட்டைகளைக் கட்டி ஒரு இயந்திரத்தோடு இணைப்பார்கள். ஒன்று குழந்தையின் இதயத்துடிப்பைப் பிடிக்கும், இன்னொன்று வலியை அளக்கும். இயல்பான துடிப்பு நிமிடத்துக்கு 110-லிருந்து 160. நீங்கள் ஒருக்களித்துப் படுத்ததும் பட்டை நழுவி, திரையில் எண் காணாமல் போய், கருவி கீச்சென்று கத்தும். அந்தக் கணத்தில் அறையில் இருக்கும் எல்லாருக்கும் வயிறு கலங்கும். நர்ஸ் வந்து பட்டையை இரண்டு விரல் அகலம் நகர்த்தியதும் குதிரை ஓடுவது போன்ற அந்தச் சத்தம் திரும்பி வரும். பெரும்பாலான நேரம் விஷயம் அவ்வளவுதான். ஆனால் நீங்களாகவே அப்படி முடிவு செய்யாமல் ஒவ்வொரு முறையும் நர்ஸைக் கூப்பிடுங்கள். சிக்கலில்லாத பிரசவத்தில் இந்தக் கருவியை விடாமல் கட்டி வைக்கத் தேவையில்லை. முக்கும் கட்டம் வரும்வரை 15-லிருந்து 30 நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கருவியால் கேட்டாலே போதும். அப்படிக் கேட்டால் இடையில் எழுந்து நடக்கவும் முடியும்.

வலி நிவாரணத்தைப் பொறுத்தவரை வீரம் காட்டத் தேவையே இல்லை. எபிட்யூரல் எடுத்தால் சிசேரியன் ஆகிவிடும் என்ற பேச்சை ஆய்வுகள் உறுதி செய்யவில்லை. முக்கும் கட்டம் கொஞ்சம் நீளலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம், காய்ச்சல் வரலாம். அதற்கெல்லாம் கவனிப்பு உண்டு. வேண்டாம் என்று முடிவெடுத்தவருக்கு நடை, வெந்நீர் ஒத்தடம், இடுப்பை அழுத்திப் பிடித்துவிடும் ஒரு கை எல்லாமே உதவும்.

உள்பரிசோதனை செய்யுமுன் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான அளவு. கத்தியதற்காகத் திட்டுவது, "இதெல்லாம் தெரியாமலா வந்தே" என்று கேட்பது, திரை போடாமல் பரிசோதிப்பது எதுவும் பிரசவத்தில் சகஜம் அல்ல. என் பிரசவத்தின்போது பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணை ஒருவர் அப்படிப் பேசியதும், அந்தப் பெண் அதன் பிறகு தண்ணீர் கேட்கக்கூட வாயைத் திறக்காமல் கிடந்தாள். கூட இருப்பவரின் முக்கியமான வேலை இங்கேதான். சண்டை போடுவதில் பயனில்லை. "அவங்களுக்கு ஒரு நிமிடம் கொடுங்க, என்ன செய்யப் போறீங்கன்னு சொல்லிட்டுச் செய்ங்க" என்று நிதானமாகச் சொன்னால் போதும்.

படி 7: பிறக்கும் நேரமும் அதற்குப் பிறகான ஒரு மணி நேரமும்

முழுதாகத் திறந்ததிலிருந்து குழந்தை வெளியே வர தலைப்பிரசவத்தில் மூன்று மணி நேரம் வரை ஆகலாம், அடுத்த பிரசவங்களில் இரண்டு. உடம்பே முக்கச் சொல்லும்போது முக்குவதுதான் நல்லது. மல்லாந்து படுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஒருக்களித்தோ குந்தியோ முட்டிபோட்டோ இருக்கலாம். இதை முன்பே பேசி வைக்கவில்லை என்றால், பெரும்பாலான இடங்களில் மல்லாத்தித்தான் படுக்க வைப்பார்கள்.

குழந்தை அழுது நன்றாக இருந்தால் தொப்புள்கொடியை ஒரு நிமிடத்துக்கு முன்னால் வெட்ட அவசரப்பட வேண்டாம். அந்த நேரத்தில் குழந்தைக்குப் போகும் ரத்தம் பின்னாளில் இரும்புச்சத்துக் குறையாமல் காக்கும். குழந்தையைத் துடைத்து, அம்மாவின் மார்பில் வெறும் உடம்போடு படுக்க வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கச் செய்வது இன்று எங்கும் ஒப்புக்கொண்ட முறை. எடை பார்ப்பதெல்லாம் காத்திருக்கும்.

இதற்கிடையில் உங்களுக்கு ஒரு ஊசி போடுவார்கள். கர்ப்பப்பை சுருங்குவதற்கான ஆக்சிடோசின் அது, அளவு 10 யூனிட். நஞ்சு வழக்கமாக அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். வந்ததும் நர்ஸ் தொப்புளைச் சுற்றி அழுத்திப் பார்ப்பார். குழந்தையை மார்பில் வைத்துக்கொண்டு லயித்திருக்கும் நேரத்தில் இது எரிச்சலாகவும் வலியாகவும் இருக்கும். உள்ளே கர்ப்பப்பை கெட்டியான பந்து போல் கைக்குத் தட்டுப்படுகிறதா, தொளதொளவென்று இருக்கிறதா என்றுதான் அவர் பார்க்கிறார். முதல் இரண்டு மணி நேரம் இதைத் திரும்பத் திரும்பச் செய்யும் மருத்துவமனை நல்ல மருத்துவமனை.

படி 8: சிசேரியன் என்று சொன்னால்

மூன்று கேள்விகள் போதும். காரணம் என்ன? எவ்வளவு அவசரம்? காத்திருந்தால் என்ன ஆகும்? தொப்புள்கொடி முன்னால் நழுவி வந்துவிட்டது, குழந்தையின் துடிப்பு இறங்கி ஏறவில்லை என்றால் கேள்வி கேட்க நேரமே இருக்காது. கையெழுத்துப் போட்டுவிட்டு அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். அரை மணி நேரம் பேச அவகாசம் இருக்கிறது என்றால் அந்த அவகாசத்தைப் பயன்படுத்துங்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள், நீங்கள் விழித்தே இருப்பீர்கள். வலி இருக்காது, உள்ளே யாரோ இழுப்பது போலவும் அழுத்துவது போலவும் இருக்கும். குழந்தையை அங்கேயே மார்பில் வைக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள். அறுவைக்குப் பிறகு சீக்கிரம் எழுந்து நடப்பது காலில் ரத்தம் உறையாமல் இருக்க முக்கியம்.

படி 9: கிளம்புவதற்கு முன்

சுகப்பிரசவமாக இருந்தாலும் குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் இருப்பது நல்லது. அதற்குள் குழந்தை சிறுநீர், மலம் கழித்ததா, பால் குடிக்கிறதா, மஞ்சள் காமாலை தெரிகிறதா, வைட்டமின் கே ஊசியும் முதல் தடுப்பூசிகளும் போட்டாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரத்த வகையில் அம்மா ஆர்எச் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். இது விட்டுப்போனால் அடுத்த கர்ப்பத்தில் சிக்கல் வரும்.

வீட்டுக்குப் போன பிறகு ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, காய்ச்சல், கடும் தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது என்று ஏதாவது வந்தாலோ உடனே திரும்பிப் போங்கள். ரத்த அழுத்தச் சிக்கல் பிரசவம் முடிந்த பிறகும் வரலாம், ஆறு வாரம் வரை கவனம் தேவை. தூக்கமே வராமல், அழுகை நிற்காமல், குழந்தையைப் பார்க்கவே பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனாலும் அதே டாக்டரிடம் சொல்லலாம். குழந்தைக்கோ உங்களுக்கோ தீங்கு செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் அன்றே சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் காகிதத்தை வாசலிலேயே நின்று படியுங்கள். பிரசவம் எப்படி நடந்தது, ஏன் சிசேரியன், எவ்வளவு ரத்தம் போனது, தையல் எவ்வளவு ஆழம், எல்லாம் அதில் இருக்க வேண்டும். சிசேரியன் என்றால் கர்ப்பப்பையில் வெட்டு குறுக்காகவா நெடுக்காகவா என்பதைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள். வெளியே தோலில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது. அடுத்த குழந்தைக்குச் சுகப்பிரசவம் முயலலாமா, எந்த மருத்துவமனைக்குப் போவது என்று கேட்கும்போது டாக்டர் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான்.